ஆத்துல டீசல் கொட்டிடுச்சுன்னா ஏன் சோப்புத்தூள் போடக்கூடாது

பாலத்து மேல ஒரு டேங்கர் லாரி கவுந்துடுச்சு, உள்ள இருந்த டீசலோ பெட்ரோலோ கீழ ஆத்துல இறங்குதுன்னு ஒரு வீடியோ வந்தா போதும், ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. அணையத் திறந்து விட்டா அடிச்சுட்டுப் போயிடும்னு ஒருத்தர், பத்த வச்சா எரிஞ்சு தீர்ந்துடும்னு ஒருத்தர், சோப்புத்தூள் கரைச்சு ஊத்துங்கன்னு ஒருத்தர், எண்ணெய்தான, மேலதான மிதக்கும், அள்ளிட வேண்டியதுதானன்னு இன்னொருத்தர்.

நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தனா இருந்தவன்தான். பள்ளிக்கூடம் படிக்கிறப்போ எங்க ஊர் வாய்க்கா மதகுல ஒரு லாரி இடிச்சு அதோட டீசல் டேங்க் கிழிஞ்சு போச்சு, தண்ணி முழுக்க மயில் கழுத்து மாதிரி கலர் கலரா போகுது, பக்கத்து மளிகைக் கடைக்காரர் ரெண்டு பாக்கெட் சோப்புத்தூளப் பிரிச்சுக் கொட்டி மூங்கில் கழியால கலக்கி விட்டார், அஞ்சு நிமிஷத்துல கலர் காணாமப் போச்சு. எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். அந்த டீசல் எங்கயும் போகல, தண்ணிக்குள்ள இன்னும் நல்லாப் போய் ஒளிஞ்சுகிச்சுன்னு எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆச்சு.

எண்ணெய் தண்ணில விழுந்தா நெஜமா என்ன ஆகுது, அதப் பிடிக்கிறவங்க ஏன் பாக்குறதுக்கு சோம்பேறித்தனமாத் தெரியிற வேலையெல்லாம் பண்றாங்கன்னு அடியில இருந்து பாக்கலாம். கெமிஸ்ட்ரி தெரியணும்னு அவசியமில்ல, சமையல் கட்டுப் பக்கம் எட்டிப் பாத்திருந்தா போதும்.

லெமன் க்ரீக்ல நடந்தது

2013 ஜூலை 26. கனடாவோட மேற்குப் பக்கம், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல ஸ்லோகன் பள்ளத்தாக்குன்னு ஒரு இடம். காட்டுத்தீ எரிஞ்சுட்டு இருக்கு, அத அணைக்கிற ஹெலிகாப்டருக்கு எரிபொருள் எடுத்துட்டு ஒரு டேங்கர் லாரி வருது. வழி தப்பிடுச்சு. ஒரு பழைய காட்டு ரோட்டுக்குள்ள போய், ஓரம் சரிஞ்சு, லெமன் க்ரீக்ங்கிற ஓடையில கவுந்துடுச்சு. உள்ள இருந்தது கிட்டத்தட்ட 35,000 லிட்டர் விமான எரிபொருள். அது ஒண்ணும் விசேஷமான திரவம் இல்ல, நம்ம மண்ணெண்ணெய இன்னும் சுத்தமாக்குனா எப்படியோ அப்படி. டிரைவர் உயிர் பிழைச்சுட்டார்.

அந்த ஓடை ஸ்லோகன் ஆத்துல போய்ச் சேரும், ஸ்லோகன் கூட்டனே ஆத்துல சேரும், கூட்டனே கொலம்பியா ஆத்துல சேரும். ஒரு ஓடையில விழுந்தது வரிசையா எத்தனை தண்ணிக்குப் பிரச்சனைன்னு பாருங்க. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள வீட்ட விட்டுக் கிளம்பச் சொல்லிட்டாங்க. தண்ணி கெட்டுப் போனதுக்கு ஏன் ஊரைக் காலி பண்ணணும்னு தோணுதுல்ல? காரணம் தண்ணி இல்ல, காத்து. எரிபொருள் ஆவியாகி பள்ளத்தாக்கு முழுக்க நெடி. மறுநாள் திரும்பி வந்தவங்களுக்கு, அந்தத் தண்ணியக் குடிக்காத, குளிக்காத, தோட்டத்துக்குப் பாய்ச்சாதன்னு உத்தரவு. ஜூலை மாசம், செடியெல்லாம் காய்க்கிற நேரம், ஆறு வீட்டுக்குப் பின்னாடி ஓடுது, ஒரு வாளி எடுக்க முடியாது.

இந்தக் கதைய மனசுல வச்சுக்கோங்க, அப்பப்போ திரும்பி வருவோம்.

எல்லா எண்ணெயும் ஒண்ணு இல்ல

விபத்துன்னு போன் வந்ததும் அனுபவப்பட்டவங்க கேக்குற மொத கேள்வி எவ்வளவு கொட்டுச்சுங்கிறது இல்ல, என்ன கொட்டுச்சுங்கிறதுதான். அதுக்காகத்தான் டேங்கர் பின்னாடியும் பக்கத்துலயும் ஆரஞ்சு கட்டம் போட்ட பலகை இருக்கு. அதுல நாலு இலக்கத்துல ஒரு நம்பர் இருக்கும், 1203ன்னா பெட்ரோல், 1202ன்னா டீசல். அடுத்த தடவை டோல்கேட்ல நிக்கிறப்போ முன்னாடி டேங்கர் இருந்தா பாருங்க. உலகம் முழுக்க ஒரே நம்பர்தான், மொழி தெரியாத ஊர்லயும் தீயணைப்புக்காரருக்குப் புரியணும்னு வச்சது.

ஏன் இது முக்கியம்? கையில கொஞ்சம் பெட்ரோல் பட்டா ஊதுறதுக்குள்ள காஞ்சு போயிடும். மண்ணெண்ணெய் பட்டா கொஞ்ச நேரம் இருக்கும், நாத்தம் ரொம்ப நேரம் இருக்கும். டீசல் பட்டா சோப்பு போட்டுக் கழுவணும். தார் பட்டா, அவ்வளவுதான், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கணும். எல்லாமே பூமிக்கடியில இருந்து வந்த ஒரே கச்சா எண்ணெயில இருந்து பிரிச்சதுதான், ஆனா லேசானது பறக்குது, கனமானது ஒட்டுது. இவ்வளவுதான் அடிப்படை.

ஆத்துலயும் இதேதான். பெட்ரோல் சில மணி நேரத்துலயே பெரும்பகுதி காத்துல போயிடும், அதனால தண்ணில அள்ளுற வேலை கம்மி, நெருப்பு ஆபத்து ஜாஸ்தி. டீசல் மெதுவாத்தான் போகும், நாள்கணக்குல ஆத்தோட சுத்தும். ஃபர்னஸ் ஆயில், கப்பல் எண்ணெய் மாதிரி கறுப்புக் குழம்பு பறக்கவே பறக்காது, படியில, பாறையில, வலையில, படகுல, நண்டு வளையில அப்பிக்கும்.

நம்ம எண்ணூர்ல ரெண்டு தடவை பாத்தோமே. 2017 ஜனவரி 28ல காமராஜர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதுனப்போ கரையில ஒதுங்குன கறுப்புக் கூழ மீனவங்களும் காலேஜ் பசங்களும் வாளில அள்ளுனாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆத்து முகத்துவாரம் வரைக்கும் பரவி வீட்டுச் சுவத்துலயெல்லாம் கறுப்புக் கோடு போட்டுச்சு. அது அள்ளக்கூடிய எண்ணெய். லெமன் க்ரீக்ல அதே வாளியோட இறங்கியிருந்தா ஒண்ணும் கிடைச்சிருக்காது, மயக்கம்தான் வந்திருக்கும். எண்ணூர் வீடியோவ மனசுல வச்சுகிட்டு எல்லா விபத்துக்கும் வாளியத் தூக்குறதுதான் பாதி குழப்பத்துக்கே காரணம்னு நினைக்கிறேன்.

நடுவுல ஒண்ணு, இப்ப நம்ம ஊர் பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலக்குறாங்க. எத்தனால் மிதக்காது, சர்க்கரை மாதிரி தண்ணியோட கலந்துடும். அந்தப் பங்க எந்தத் தடுப்பும் பிடிக்காது.

இதுவரைக்கும் பாத்தது: லேசான எண்ணெய் காத்துக்கு ஆபத்து, கனமான எண்ணெய் கரைக்கு ஆபத்து, டீசல் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் கெடுக்கும்.

வானவில் கலருக்கு எவ்வளவு எண்ணெய் வேணும்?

ஆறு முழுக்க கலர் தெரியுது, லட்சம் லிட்டர் இருக்கும் சார்னு டிவில பேசுவாங்க. பெஞ்சமின் ஃபிராங்க்ளின்னு இடிதாங்கி கண்டுபிடிச்சவர் இருக்காருல்ல, அவர் லண்டன் பக்கத்துல க்ளாபம்ங்கிற இடத்துல ஒரு குளத்துல ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டுப் பாத்தார், அது கிட்டத்தட்ட அரை ஏக்கர் தண்ணிய வழவழன்னு ஆக்கிடுச்சுன்னு 1774ல எழுதி வச்சிருக்கார். ஒரே ஒரு டீஸ்பூன்.

தண்ணி மேல விரியிற இந்த மெல்லிசான எண்ணெய் விரிப்புக்குப் படலம்னு பேரு. வானவில் கலர் தெரியுற படலத்தோட தடிமன் ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு, அத விடக் குறைச்சலாக்கூட இருக்கும். கணக்குப் போட்டா ஒரு லிட்டர் டீசல் 3,000 சதுர மீட்டருக்கு மேல கலர் காட்டும், முக்கால் ஏக்கர்னு வச்சுக்கோங்களேன். அதனால கலர் நெறைய தெரிஞ்சா எண்ணெய் நெறையன்னு அர்த்தமில்ல. இன்னும் சொல்லப்போனா கலர் அழிஞ்சு, பழுப்பாவோ கறுப்பாவோ மந்தமாத் தெரியிற இடத்துலதான் எண்ணெய் கெட்டியா இருக்கும். அள்ளுறவங்க போற இடம் அது, போட்டோ எடுக்குறவங்க போற இடம் வானவில்.

பத்த வச்சுடலாமேங்கிறதுக்கும் பதில் இங்கயே இருக்கு. தண்ணி மேல எண்ணெய் நின்னு எரியணும்னா படலம் குறைஞ்சது 2, 3 மில்லிமீட்டராவது இருக்கணும், இல்லன்னா கீழ இருக்குற தண்ணி சூட்ட உறிஞ்சிடும். வானவில் படலம் எரியாது. எரியிற அளவுக்கு கெட்டியா இருக்குற இடம் எதுன்னு பாத்தா, லாரி கவுந்து கிடக்குற இடம், பாலத்துக்கு அடி, ஆளுங்க நிக்கிற இடம். அங்க போய் யார் தீக்குச்சி கிழிக்கிறது?

இன்னொரு சின்ன விஷயம். தேங்குன குட்டையில, சேத்துல விபத்தே நடக்காம கூட இந்தக் கலர் தெரியும், அது இரும்பத் தின்னுற பாக்டீரியாவோட வேலை. ஒரு குச்சிய விட்டு இழுங்க. கண்ணாடி ஒடைஞ்ச மாதிரி துண்டு துண்டாப் பிரிஞ்சு அப்படியே நின்னா பாக்டீரியா. சுழிச்சுகிட்டுத் திரும்ப வந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா எண்ணெய். ஒரு குச்சிதான் செலவு, பொல்யூஷன் போர்டுக்குப் போன் போடுறதுக்கு முன்னாடி பண்ணிப் பாக்கலாம்.

கலர் போயிடுச்சு, எண்ணெய் எங்க போச்சு

ரசம் கொதிக்கிறப்ப மேல எண்ணெய் தனியாத் தெரியாது, குட்டிக் குட்டி முத்தா உள்ள சுத்தும், அடுப்ப அணைச்சுக் கொஞ்சம் ஆறவிட்டா மேல வந்து கூடும். ஆறும் அப்படித்தான். தண்ணி அமைதியா போற இடத்துல எண்ணெய் மேல இருக்கும், பாறையில மோதுற இடத்துல, தடுப்பணையில விழுற இடத்துல நொறுங்கி உள்ள போயிடும். இப்படித் துளியா உடைஞ்சு தண்ணிக்குள்ள கலக்குறதுக்கு சிதறல்னு பேரு.

மேலதான மிதக்கும், குடிதண்ணிக் குழாய் அடியிலதான இருக்குங்கிற சமாதானம் இங்கதான் ஒடையுது. 1988 ஜனவரி 2ல அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல ஃப்ளோரெஃப்ங்கிற ஊர்ல ஒரு பெரிய டீசல் தொட்டி பிளந்து சரிஞ்சு, 28 லட்சம் லிட்டர்கிட்ட மொனோங்கஹேலா ஆத்துல இறங்கிடுச்சு. அந்த ஆத்துல படகு ஏறி இறங்குற அணை வரிசையா உண்டு. ஒவ்வொரு அணையிலயும் தண்ணி விழ விழ டீசல் நல்லா கடைஞ்சு விட்ட மாதிரி அடி வரைக்கும் கலந்து, பிட்ஸ்பர்க் தாண்டி ஒஹையோ ஆத்துக்குப் போயிடுச்சு. கிட்டத்தட்ட 10 லட்சம் பேரோட குடிதண்ணி பாதிச்சுது. அணையத் திறந்து விடுங்கன்னு சொல்றவங்க இத ஒரு தடவை யோசிக்கணும். வேகமா விட்டா நல்லாக் கலக்கும், சீக்கிரமா அடுத்த ஊருக்குப் போகும், எந்தத் தடுப்பும் நிக்காது. விஷயம் தெரிஞ்சவங்க மேல இருக்குற அணைய முடிஞ்சா கொஞ்சம் மூடச் சொல்லித்தான் கேப்பாங்க.

சிதறல் தவிர கரையிறதும் இருக்கு. பெட்ரோல், டீசல்ல பென்சீன் மாதிரி சில சாமான் கொஞ்சம் தண்ணில கரையும். கண்ணுக்குத் தெரியாது. கொதிக்க வச்சா சரியாயிடுமான்னு கேப்பாங்க, அடுப்படில நின்னு அந்த ஆவிய மூச்சுல இழுக்கிறதுதான் மிச்சம், டீசல்ல கனமான பங்கு போகவும் போகாது. கொதிக்க வைக்கிறது கிருமிக்கு வைத்தியம், எண்ணெய்க்கு இல்ல.

இப்போ சோப்புத்தூளுக்கு வருவோம். எண்ணெய்ப் பாத்திரத்துல சோப்பு போட்டா என்ன ஆகுது? எண்ணெய் அழியல, குட்டித் துளியா உடைஞ்சு தண்ணியோட போகுது, சாக்கடைக்கு. ஆத்துல போட்டா அதே குட்டித் துளி மீனோட செவுள்ல போகுது. கடல்ல கப்பல் விபத்து நடந்தா இதே மாதிரி சிதறடிக்கிற மருந்த ஆழமான இடமாப் பாத்து, அனுமதி வாங்கித் தெளிக்கிறது உண்டு, ஏன்னா அங்க கலந்து நீர்த்துப்போக எடம் இருக்கு. இடுப்பளவு ஆத்துல, நாலு கிலோமீட்டர்ல குடிதண்ணி எடுக்குற ஊர் இருக்குறப்போ அது வைத்தியமே இல்ல. எங்க ஊர் கடைக்காரர் பண்ணது அதுதான், நல்ல மனசோட.

சுருக்கமா, எண்ணெய்க்கு நாலு வழி: காத்துல பறக்கும், தண்ணிக்குள்ள உடையும், கொஞ்சம் கரையும், மிச்சம் கரையில ஒட்டும். கலர் போயிடுச்சுன்னா அது மேல இல்லைன்னு மட்டும்தான் தெரியும்.

மொதல்ல மூக்கு, அப்புறம் மண்வெட்டி

பெட்ரோல் ஆவி காத்த விட மூணு நாலு மடங்கு கனம். மேல போகாது, பள்ளத்துல இறங்கி உக்காந்துக்கும், ரோட்டோரப் பள்ளம், பாலத்தடி, படித்துறை. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குளத்துல ஒருத்தர் பீடி பத்த வச்சாலோ பைக்க ஸ்டார்ட் பண்ணாலோ போதும். 2017 ஜூன் 25ல பாகிஸ்தான்ல பஹாவல்பூர் பக்கத்துல டேங்கர் கவுந்து, ஜனங்க குடத்தோட கேனோட பெட்ரோல் பிடிக்க ஓடி வந்தாங்க, தீப்பிடிச்சு 200 பேருக்கு மேல செத்துட்டாங்க. குடத்த எடுத்துட்டு ஓடுறவங்களப் பேராசைன்னு திட்டுறதுல எனக்கு உடன்பாடு இல்ல, பெட்ரோல் விலை தெரிஞ்சவங்க ஓடத்தான் செய்வாங்க, ஆவி கண்ணுக்குத் தெரியாதுங்கிறதுதான் விஷயம். காத்து எந்தப் பக்கமிருந்து வருதோ அந்தப் பக்கமாத் தள்ளி, மேட்டுல நிக்கணும், 112க்குப் போன் போடணும், பலகையில இருக்குற நாலு இலக்க நம்பர தூரத்துல இருந்தே ஜூம் பண்ணிப் படிச்சுச் சொல்லணும். இத்தனைக்கு மேல பொதுஜனம் பண்ண வேண்டியது ஒண்ணுமில்ல.

அடுத்து வர்றது யாரும் வீடியோ எடுக்காத வேலை, ஆனா எனக்குக் கேட்டா மொத்தத்துலயே இதுதான் பெரிய வேலை. லாரி எப்பவும் நேரா ஆத்துக்குள்ளயே விழுறதில்ல. ரோட்டுல கவுந்து, ரோட்டோர வடிகால்ல எண்ணெய் ஓடி, அது மதகு வழியா ஆத்துல இறங்கும். அந்த வடிகாலுக்குக் குறுக்க ஒரு டிராக்டர் மண்ணக் கொட்டுனா முடிஞ்சுது. ஜேசிபி வேண்டாம், நாலு பேர் மண்வெட்டி போதும், நெருப்பு அபாயம் இல்லன்னு தீயணைப்புத்துறை சொன்னதுக்கப்புறம். மண்ணுல தேங்குன எண்ணெய அள்ளிடலாம், தோண்டி எடுத்துடலாம். தண்ணில இறங்குன பின்னாடி அதே எண்ணெய்க்கு நூறு மடங்கு பாடுபடணும்.

கவுந்த லாரிய உடனே கிரேன் வச்சுத் தூக்கக் கூடாதான்னா, கூடாது. உள்ள மிச்சம் எண்ணெய் இருக்குறப்போ தூக்குனா தகடு கிழிஞ்சு மிச்சமும் கொட்டும். டேங்கர் உள்ள தனித்தனி அறையாப் பிரிச்சிருக்கும், ஒரு அறை ஒடைஞ்சாலும் மத்தது முழுசா இருக்கலாம். அந்த முழு அறைகள்ல இருக்குறத இன்னொரு டேங்கருக்கு பம்ப் பண்ணிட்டு அப்புறம் காலி வண்டியத் தூக்குவாங்க. அஞ்சாறு மணி நேரம் ரோடு மறிச்சு நிக்கும், ஜனங்க ஆர்டிஓவத் திட்டுவாங்க. நிக்கட்டும்.

எண்ணெய் பின்னாடி ஓடாதீங்க

ஆறு ஒரு நொடிக்கு ஒரு மீட்டர் போகுதுன்னு வைங்க, அது மணிக்கு 3.6 கிலோமீட்டர், நாம சாவகாசமா நடக்குற வேகம். விபத்து நடந்து, தகவல் போய், ஆளு கிளம்பி, சாமான் வந்து சேர மூணு மணி நேரம்னா எண்ணெயோட முனை பத்து பதினோரு கிலோமீட்டர் தாண்டிடுச்சு. விபத்து நடந்த இடத்துக்குச் சாமானக் கொண்டு போனா, ரயில் போன பின்னாடி பிளாட்பாரத்துக்கு வந்த கதைதான். அதனால மேப்ப விரிச்சு, இப்போ எண்ணெய் எங்க இருக்கும், இன்னும் மூணு மணி நேரத்துல எங்க இருக்கும்னு கணக்குப் போட்டு, அதுக்கும் கீழ போய் உக்காந்துக்கணும். காத்து அடிச்சா அதுவும் கொஞ்சம் தள்ளும், காத்து வேகத்துல நூத்துக்கு மூணு பங்கு அளவுக்கு, அதனால எந்தக் கரையோரமா ஒதுங்கும்னும் சொல்லிடலாம்.

ஆள் போறதுக்கு முன்னாடி போன் போகணும். கீழ இருக்குற நீரேற்று நிலையத்துக்கெல்லாம் தகவல் சொல்லி, இத்தனை மணிக்கு வந்து சேரும், அதுக்குள்ள தொட்டிய நிரப்பிக்கோங்க, அப்புறம் மோட்டார நிறுத்துங்கன்னு சொல்லணும். ஒரு தடவை எண்ணெய் பம்புக்குள்ளயும் ஃபில்டர் மணலுக்குள்ளயும் போயிடுச்சுன்னா ஆறு சுத்தமானாலும் குழாய்த் தண்ணி நாறும். எத்தனை பூம் போட்டாலும் இந்த ஒரு போன் காலுக்கு ஈடாகாது.

தட்டுல ஒரு ஆறு

பூம்னு சொன்னேன்ல, அது மிதக்குற வேலி. மேல காத்தடைச்ச குழாயோ தக்கையோ, கீழ பாவாடை மாதிரி தொங்குற ஷீட்டு, அடியில சங்கிலி. தண்ணி கீழ போகும், மேல மிதக்குற எண்ணெய் தடுபட்டு நிக்கும். ஆத்துக்குக் குறுக்க நேரா கட்டிட்டா எல்லாம் நின்னுடும்னுதான் நானும் நினைச்சேன்.

வீட்டுல பண்ணிப் பாருங்க. பெரிய தாம்பாளத்துல ரெண்டு விரக்கடை தண்ணி, வத்தக்குழம்பு மேல நிக்கிற சிவப்பு எண்ணெய் ரெண்டு ஸ்பூன். ஒரு ஸ்கேல பாதி முங்க நட்டமா வச்சு மெதுவா, ரொம்ப மெதுவாத் தள்ளுங்க. எண்ணெய் மொத்தமும் ஸ்கேலுக்கு முன்னாடி கெட்டியாச் சேர்ந்துட்டே வரும், பாக்க அழகா இருக்கும். இப்போ வேகமாத் தள்ளுங்க. எண்ணெயோட அடியில இருந்து ஒரு நூல் மாதிரி பிச்சுகிட்டு, துளித்துளியா ஸ்கேலுக்கு அடியில பூந்து பின்பக்கம் வந்துடும். ஸ்கேல இன்னும் ஆழமா வச்சாலும் பெருசா வித்தியாசம் இருக்காது.

ஆத்துலயும் அதேதான் நடக்குது. தண்ணி நொடிக்கு சுமார் 35 சென்டிமீட்டருக்கு மேல வேகமா பூம்ல நேரா மோதுனா எண்ணெய் அடியில பூந்து போயிடும். பூம் பெருசா கம்பீரமா நிக்கும், பின்னாடி எண்ணெய் போய்கிட்டே இருக்கும். நொடிக்கு ஒரு மீட்டர் ஓடுற ஆத்துல இது மூணு மடங்கு அதிகம். அதனால என்ன பண்றாங்கன்னா, குறுக்கக் கட்டாம சாய்ச்சுக் கட்டுறாங்க, ஓட்டத்துக்கு ரொம்பச் சாய்வா, 20 டிகிரி அளவுக்கு. அப்படிக் கட்டுனா அது தடுக்கிற வேலி இல்ல, ஒதுக்கி விடுற வேலி, ஆடு ஓட்டுறவர் கம்ப நீட்டி மந்தைய ஓரமா ஒதுக்குறாருல்ல அந்த மாதிரி. எண்ணெய் பூம் ஓரமா வழுக்கிகிட்டே போய் கரையில, தண்ணி சும்மா சுத்துற ஒரு ஒதுக்குல சேரும். அள்ளுற வேலை அந்த ஒதுக்குலதான், நடு ஆத்துல இல்ல. அந்த ஒதுக்கு எது, அதுக்கு லாரி போக வழி இருக்கான்னு மொதல்ல தேடிட்டுத்தான் பூம் எங்க கட்டுறதுன்னே முடிவு பண்ணுவாங்க.

சேர்ந்தத எடுக்க ஸ்கிம்மர்னு ஒரு மெஷின், பால்ல ஆடை எடுக்குற மாதிரி மேல் படலத்த மட்டும் இழுக்கும். இல்லன்னா செப்டிக் டேங்க் லாரி மாதிரி உறிஞ்சுற வண்டி. எப்படி எடுத்தாலும் வர்றதுல நிறையத் தண்ணிதான், அதத் தொட்டியில விட்டுத் தெளிய வச்சு, அடித் தண்ணியப் பிரிக்கணும். கடைசியா மிச்சப் படலத்துக்கு உறிஞ்சு பேட். அரிசி மூட்டை வர்ற வெள்ளை பிளாஸ்டிக் சாக்கு இருக்குல்ல, அதே பாலிப்ரோபிலீன்தான், பஞ்சு மாதிரி ஆக்கியிருப்பாங்க, அது தண்ணிய விட்டுட்டு எண்ணெய மட்டும் குடிக்கும். மரத்தூள், வைக்கோல் போட்டா என்னன்னா, ரோட்டுல போட்டா அருமையான சாமான், தண்ணில போட்டா தண்ணியையும் சேத்துக் குடிச்சுட்டு எண்ணெயோட மூழ்கிடும்.

சின்ன வாய்க்கா, ஓடைன்னா பூமே வேண்டாம், இன்னொரு உபாயம் இருக்கு. மண் மூட்டை அடுக்கி குறுக்க ஒரு அணை, அதுக்குள்ள ஒண்ணு ரெண்டு பிவிசி பைப்பு, பைப்போட வாய் தண்ணி வர்ற பக்கத்துல, அடியில இருக்கணும். அடியில குழாய் வச்ச தண்ணிப் பானை மாதிரி, கீழ்த் தண்ணி பைப்பு வழியா வெளிய போயிட்டே இருக்கும், மேல மிதக்குற எண்ணெய் அணைக்குள்ளயே நிக்கும். எங்க ஊர் வாய்க்காலுக்கு அன்னைக்கு இத யாராவது சொல்லியிருந்தா, மணல் மூட்டையும் இருந்துச்சு, பைப்பும் எதிர்க்கடையிலயே இருந்துச்சு.

இந்தப் பகுதியில ஞாபகம் வச்சுக்க வேண்டியது ஒண்ணுதான்: எண்ணெய தண்ணியோட வேகத்த எதிர்த்து நிறுத்த முடியாது, அத வேகம் இல்லாத இடத்துக்குக் கூட்டிட்டுப் போகத்தான் முடியும்.

எப்போ முடிஞ்சதுன்னு சொல்வாங்க

எல்லாத்தையும் எடுத்துட முடியுமான்னா முடியாது. லேசான எண்ணெய்ல பெரிய பங்கு காத்துல போயிடுது, கொஞ்சம் அள்ளுறாங்க, மிச்சம் நாணல் வேர்லயும், மரக்கட்ட அடைஞ்ச மூலையிலயும், கரை மணலுக்குள்ளயும் தங்கிடுது. லெமன் க்ரீக் மாதிரி கல்லும் கட்டையுமா கிடக்குற ஓடையில இந்த மாதிரி மூலைக்குப் பஞ்சமே இல்ல.

தங்குனதுக்கு ஒரு ஆள் இருக்கு, மண்ணுல வாழுற பாக்டீரியா. சில வகை எண்ணெயவே சாப்பாடாத் தின்னும். அதுக்கு ஆக்சிஜன் வேணும், சூடு வேணும், நாள் வேணும். வெயில் படுற, காத்துப் போற மேல் மணல்ல நல்லா வேலை செய்யும், மூச்சு விடாத களிச் சேத்துக்குள்ள வருஷக்கணக்கா அப்படியே கிடக்கும். அதனாலதான் கரையெல்லாம் ஜேசிபி வச்சுச் சுரண்டிடலாம்னு சொன்னா அனுபவஸ்தங்க தயங்குவாங்க. மேல கிடந்த எண்ணெய மிதிச்சு மிதிச்சு காத்துப் போகாத ஆழத்துக்குக் கொண்டு போனா பாக்டீரியாவுக்கும் எட்டாது, நமக்கும் எட்டாது. சில இடத்துல அள்ளணும், சில இடத்துல தொடாம விட்டுக் கண்காணிக்கணும். ஒண்ணும் பண்ணாம நிக்கிறாங்கன்னு ஊர் கத்துற நேரம் பெரும்பாலும் இந்த ரெண்டாவது வகையாத்தான் இருக்கும், ஆனா நெஜமாவே ஒண்ணும் பண்ணாம நிக்கிற இடமும் உண்டு, வித்தியாசத்தக் கண்டுபிடிக்க, யாராவது தினமும் வந்து பாட்டில்ல தண்ணி எடுத்துட்டுப் போறாங்களான்னு பாருங்க.

நீரேற்று நிலையத்தத் திரும்பத் திறக்கிறதுக்கு கண்ணு போதாது, மூக்கும் போதாது, லேப்ல பென்சீன் வகையறாவ அளந்து, ஒரு தடவை இல்ல அடுத்தடுத்து சில தடவை சரியா வந்தாத்தான். கரைக்கு மட்டும் இன்னும் பழைய வழி ஒண்ணு வச்சிருக்காங்க. பூட்ஸ் போட்ட காலோட கரையோரம் முழங்காலளவு தண்ணில இறங்கி, மணல குதிகாலால நல்லா அழுத்தித் திருகுவாங்க. கொஞ்சம் காத்துக் குமிழி வரும், கூட ஒரு சின்ன எண்ணெய்ப் பொட்டு மேல வந்து பட்டுனு வெடிச்சு வானவில்லா விரிஞ்சா, அந்த இடத்துல ஒரு சிவப்புக் கொடி நட்டுட்டு அடுத்த அடி எடுத்து வைப்பாங்க.